'மச்சான்' என்றவள் 'அண்ணே' என்றால்

தாய்மாமன் மகனை நேற்றுவரை "மச்சான்" என்று கூப்பிட்டவள், இன்று வாசல் தெளித்துக்கொண்டே "வாங்கண்ணே, அம்மா உள்ளதான் இருக்காக" என்கிறாள். சிறுகதைக்கு இது போதும். சம்பந்தம் பேசி முறிந்தது என்று யாரும் சொல்லவில்லை. எத்தனை பவுன் கேட்டார்கள், யார் பாதியில் எழுந்து போனார்கள் என்று எழுதவில்லை. அவள் கண் கலங்கினாளா என்றுகூட எழுதவில்லை. ஆனாலும் ராமநாதபுரம் பக்கத்து வாசகர் அந்த "அண்ணே"யில் இடறி நின்றுவிடுவார். கட்டிக்கொள்ளும் முறையில் இருந்தவனை அவள் தன் வாயாலேயே கூடப்பிறந்தவன் முறைக்குத் தள்ளிவிட்டாள். கொண்டுவந்த மீன் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் வாசலில் நிற்பது மட்டும்தான் பாக்கி.

குடும்பம் ஒருவரிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். அதனால், "நம்ம குடும்ப மானம் என்னத்துக்கு ஆகும்" என்று கதையில் அப்பா கத்தத் தொடங்கினால் அந்த இடத்தில் கதை தளர்ந்துபோகும். முறைப்பெயர், வீடு யாருடையது, காசு எப்படிப் பங்காகிறது, எந்த நாளில் யார் வீட்டில் இருக்கிறார்கள்: இந்த நாலும் சரியாக விழுந்தால் எதிர்பார்ப்பு தானே தெரிந்துவிடும். இந்த ராமநாதபுரம் கடற்கரையை வைத்து எழுதப்படும் கதைகளில் பிசகுவதும் பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றுதான்.

முறைப்பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். மாமன் மக்களும் அத்தை மக்களும் ஒரு பக்கம். சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா மக்கள் இன்னொரு பக்கம். முதல் பக்கத்தில் கேலி செய்யலாம், கல்யாணம் பேசலாம். இரண்டாவது பக்கம் அண்ணன் தங்கை. இந்தக் கோட்டை ஆங்கிலச் சொல் ஒன்றால் அழித்து எல்லாரையும் "கசின்" ஆக்கிவிடுகிற கதையில், பாதிக் கதை அந்தச் சொல்லோடு போய்விடுகிறது. சினிமா பார்த்து எழுதுகிற இன்னொரு பிழை, அண்ணன் மனைவியை எல்லா வீட்டிலும் "அண்ணி" என்று கூப்பிட வைப்பது. இங்கே மதினி. அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா அம்மாச்சி. இருவரையும் "பாட்டி" என்று எழுதினால், பிள்ளை யார் மடியில் படுத்திருக்கிறது என்பதே தெரியாமல் போகும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்பா வாப்பா, அம்மா உம்மா, அண்ணன் காக்கா, அக்கா ராத்தா. அங்கேயும் மாமி மகன் மச்சான்தான். மேலே சொன்ன வாசல் காட்சியை அந்த வீட்டில் எழுதினால் "மச்சான்" என்பது "காக்கா" ஆகும். அடி அதே இடத்தில் விழும்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் மூன்று தலைமுறை வரைந்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் இரண்டு சொல் எழுதிக்கொள்ள வேண்டும்: இவர் அவரை எப்படிக் கூப்பிடுகிறார், அவர் இவரை எப்படிக் கூப்பிடுகிறார். கூடவே "வா"வா, "வாங்க"வா என்பதையும். இதில் அரைமணி நேரம் செலவழித்தால், பிறகு உரையாடலில் "என்று கோபமாகச் சொன்னாள்" என்பது போன்ற வாலெல்லாம் தேவைப்படாது. எப்போதும் "வாங்க மாமா" என்பவள் "வந்தாச்சா" என்று மட்டும் கேட்டால், கோபம் அதிலேயே இருக்கிறது.

பேச்சு மொழியைப் பற்றியும் ஒன்று. கடல் என்றதும் கன்னியாகுமரிப் பக்கத்துப் பேச்சை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். தொண்டியில் வத்தை என்ற நாட்டுப்படகைத் தள்ளுகிறவர் "ஏல மக்கா" என்று பேசமாட்டார். "அங்கிட்டு", "வெள்ளென", "வந்தாக", "சொன்னாக" என்று பேசும் ஊர் இது. இந்தக் கரை நெடுகிலும் ஒரே பேச்சும் கிடையாது; ஒரே ஊரில் இரண்டு தெருவுக்கு இரண்டு பேச்சு உண்டு.

சொல்லாமல் சொல்வது நெய்தலுக்குப் புதிதும் இல்லை. நற்றிணையின் 45ஆம் பாட்டு 11 அடிதான். தேரில் வரும் பெரிய இடத்துப் பிள்ளையிடம் தோழி பேசுகிறாள். இவள் கடல் கலங்க உள்ளே போய் மீன் பிடிக்கிற பரதவர் மகள். நீயோ கொடி பறக்கும் கடைவீதி கொண்ட மூதூர்ச் செல்வனின் மகன். நாங்கள் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை விரட்டிக்கொண்டிருக்கிறோம். எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில். பிறகு, எங்கள் ஆட்களிலும் தலைவர்கள் உண்டு என்று முடிக்கிறாள். "எங்கள் சிறிய வாழ்க்கை உங்களுக்கு ஒப்பாகாது" என்ற பொதுப்பேச்சு கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பே சுறாவும் பறவையும் நாற்றமும் அதைச் சொல்லி முடித்துவிடுகின்றன. இன்று எழுதுகிறவர் இதைவிட வேறு பாடம் தேட வேண்டியதில்லை.

அடுத்தது வீடு. தமிழ்ச் சிறுகதையின் முதல் கதைகளில் ஒன்றாகச் சொல்லப்படும் வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்', 1915இல் வந்தது. பெண்ணின் தகப்பன் பணம் இழந்ததும், புகுந்த வீடு மகனுக்கு வேறு பெண் பார்க்கிறது, மருமகள் அழிகிறாள். அன்றிலிருந்து மாமியார், மருமகள், அடுக்களை என்பது தமிழ்க் குடும்பக் கதையின் தேய்ந்த தடமாகிவிட்டது. கடற்கரைக்கு வருகிறவர்களும் அந்த அடுக்களையைத் தூக்கிக்கொண்டே வருகிறார்கள். கீழக்கரையில் அது அப்படியே பொருந்தாது. அங்கே பல குடும்பங்களில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணுக்கென்று வீடு கொடுப்பது நெடுநாள் வழக்கம்.

இந்த ஒரு வழக்கம் கதையின் எல்லாத் திசையையும் மாற்றிவிடும். பெண் தான் பிறந்த வீட்டிலேயே உம்மாவோடும் ராத்தாவோடும் இருக்கிறாள்; அதிகாரமாகப் பேசுகிற மாமியார் தெருவின் அந்தக் கோடியில் இருக்கிறார். அடுக்களையில் மருமகள் பயப்படும் காட்சிக்கு இடமே இல்லை. புதிய இடத்தில் கூச்சப்படுகிறவர் மாப்பிள்ளைதான். அவர் வெளிநாட்டில் வேலை பார்ப்பவராக இருந்தால், 2 வருடத்துக்கு ஒரு முறை வந்து 40 நாள் தங்கும் அந்த வீட்டில் விசிறி சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பாரம் தகப்பன் தலையில் விழுகிறது: மூன்று பெண் என்றால் மூன்று வீடு. மூத்தவளுக்குக் கட்டிக் கொடுத்தாயிற்று, நடுவிலவளுக்கு மனை வாங்கியாயிற்று, கடைக்குட்டிக்கு இருக்கிற பழைய வீடுதான் என்று பேச்சு வரும்போது, சண்டை அக்காள் தங்கைகளுக்குள் வருகிறது. மகனோ தான் பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து கல்யாணத்தன்று ஒரு பெட்டியோடு கிளம்புகிறான். அந்தப் பெட்டிக்குள் உம்மா என்ன மடித்து வைக்கிறாள் என்று எழுதினால் போதும். இவ்வளவு வளமான நிலத்தில் நின்றுகொண்டு, காவிரிக்கரை மாமியாரையே மறுபடி எழுதுவது வருத்தமாக இருக்கிறது.

கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் வேறொரு முடிச்சு உண்டு. முறைப்பெண்ணைக் கட்டுவது வழக்கத்தின்படி உரிமை. திருச்சபைச் சட்டத்தில் மாமன் மகளும் அத்தை மகளும் நெருங்கிய இரத்த உறவு, தனி அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஞாயிறுகளில் மூன்று முறை கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். உறவு எல்லாருக்கும் தெரியும், எவரும் வாய் திறக்கமாட்டார்கள். அந்த மூன்று ஞாயிறுகளும் கதைக்கு அமைந்த மூன்று படிகள்.

காசுக்கு வருவோம். இதைத்தான் எழுத்தாளர்கள் அதிகமாகத் தவிர்க்கிறார்கள். உண்மையில் இதில்தான் அண்ணன் தம்பிக் கதை முழுதும் இருக்கிறது. நாட்டுப்படகில் பாடு (பிடிபட்ட மீன்) விற்ற காசிலிருந்து முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு. பிறகு ஆளுக்கு ஒரு பங்கு. விகிதம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். கதைக்காக ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மீன் விற்றது 12,000 ரூபாய். செலவு 4,500. மிச்சம் 7,500. பாதி, 3,750, படகுக்கு. மீதிப் பாதி ஐந்து பேருக்கு, தலைக்கு 750. அப்பா போனபின் படகு அண்ணன் பெயரில் இருக்கிறது. அண்ணனும் கடலுக்குப் போகிறார். அண்ணன் வீட்டுக்கு வருவது 3,750 கூட்டல் 750, ஆக 4,500. அதே இரவு, அதே குளிர், அதே வலையை இழுத்த தம்பி வீட்டுக்கு 750. இரண்டு அடுப்பும் ஒரே முற்றத்தில் எரிகின்றன.

இங்கே கவனம் வேண்டும். அண்ணனைக் கெட்டவன் ஆக்கினால் கதை போச்சு. படகுப் பங்கு லாபம் கிடையாது. வலை கிழியும், எஞ்சின் படுக்கும், வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் நிற்கும். அந்த முன்பணத்தால் மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டியிருக்கும். பாடு இல்லாத நாளில் டீசல் கடனும் அண்ணன் தலையில்தான். தம்பி மனைவி முற்றத்தில் பார்ப்பது 4,500. அண்ணன் மனைவி இரவில் படுத்துக்கொண்டு எண்ணுவது எஞ்சின் கடன். இருவரும் சொல்வது சரி. அண்ணன் நல்ல மீனில் இரண்டை எடுத்துத் தம்பி வீட்டுக்கு அனுப்புகிறார்; மதினி அதைக் கழுவாமல் அப்படியே கொடுக்கிறாள்; போன மாதம்வரை கழுவி அறுத்துக் கொடுத்தாள். பிரிவினை அந்தக் கழுவாத மீனில் தொடங்கிவிட்டது. இப்படி ஒரு சின்ன மாற்றத்தைப் பிடித்தால், பஞ்சாயத்துக் காட்சி எழுதும் வேலை மிச்சம்.

நாளும் கிழமையும் தவறினால் ஊர்க்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2017க்கு முன் 45 நாள்தான். 2010இல் நடக்கும் கதையில் ஜூன் முதல் வாரம் ஆண்கள் தடையால் வீட்டில் கிடக்கிறார்கள் என்று எழுதினால் அது பிழை. நாட்டுப்படகுக்கு இந்தத் தடை கிடையாது. ஆகவே ஒரு மகன் விசைப்படகிலும் இன்னொருவன் நாட்டுப்படகிலும் போகிற வீட்டில், வருடம் முழுக்கத் தாழ்ந்து பேசப்பட்டவன் அந்த இரண்டு மாதம் சோறு போடுகிறவன் ஆகிறான். தட்டில் பெரிய துண்டு யாருக்கு விழுகிறது என்பது ஏப்ரல் 15க்குப் பிறகு மாறுமா, மாறாதா? மாறாவிட்டால் அது இன்னும் நல்ல கதை.

பாக் நீரிணைப் பக்கம் ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள் போகும். மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. அந்த மூன்று இரவுகளில் ஆண்கள் இல்லாத வீடுகளின் பேச்சு வேறு மாதிரி இருக்கும். பெண்கள் மட்டும் பேசிக்கொள்ளும் காட்சி வேண்டுமென்றால் அதைப் புதன் இரவில் வையுங்கள், செவ்வாய் இரவில் வைக்காதீர்கள். இன்னொன்று, தீவில் வடகடல் என்றால் பாக் நீரிணை, தென்கடல் என்றால் மன்னார் வளைகுடா. வடகடல் கரையில் இருக்கும் தேவிபட்டினத்துக்காரரைத் தினமும் தென்கடலில் இறக்கிவிட்டு அங்கிருந்து கதையை மேலே கொண்டுபோக முடியாது.

கடல்பாசி எடுக்கும் பெண்கள் கதைகளில் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறார்கள், அதுவும் தைரியத்துக்கு அடையாளமாக நிறுத்திவைக்கப்பட்டு. அவர்களை வீட்டுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். பாம்பன் பக்கத்துப் பெண்கள் பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைக் கையால்தான் பிய்க்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் செருப்பு, பாசி போட வலைப்பை. பாறை கிழிக்காமலிருக்க ஒவ்வொரு விரலுக்கும் பழந்துணியைச் சுற்றிக் கட்டுவார்கள். இதில் ஒரு விஷயம் இருக்கிறது: இடது கையை வலது கையால் சுற்றிவிடலாம், வலது கைக்கு இடது கையால் சுற்றும்போது கடைசி முடிச்சு விழாது. இன்னொருவர் வேண்டும், அல்லது பல்லால் இழுக்க வேண்டும். விடியலில் மாமியார் தன் பழைய சேலையைக் கிழித்து, மருமகளின் வலது கை விரல் ஒவ்வொன்றிலும் முடிச்சுப் போடுகிறாள். ஒன்றும் பேசவில்லை. முதல் நாள் இரவு இருவருக்கும் சண்டை. மறுநாள் விடியலில் மருமகள் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு கிளம்புகிறாள் என்றால், அந்த வீட்டில் என்ன நடந்தது என்று வாசகரே சொல்லிவிடுவார். எழுத்தாளர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

வாயை மூடிக்கொள்வதற்கும் ஒரு வேலைமுறை உண்டு. முதல் பிரதி முடிந்ததும் "ஏனென்றால்", "அதாவது", "இந்தச் சமூகத்தில்" என்று தொடங்கும் வாக்கியங்களைக் கோடிட்டு, அடுத்த பிரதியில் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை விளங்கினால் அவை தேவையில்லை. விளங்காவிட்டால் வாக்கியத்தைத் திரும்ப வைக்கக் கூடாது. அது சொன்னதைக் கையால் செய்கிற ஒரு காரியமாக முன்பக்கத்தில் எங்காவது நட்டுவிட்டு வர வேண்டும். கடைசிப் பத்தியையும் மூடிவைத்துவிட்டு ஒருமுறை படிக்க வேண்டும். பல கதைகள் ஒரு பத்திக்கு முன்பே முடிந்திருக்கும்.

புயலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி போனது இந்தக் கரையின் ஆறாத காயம். ஆனால் குடும்பச் சிக்கல் ஒன்றை எட்டுப் பக்கம் கட்டிவிட்டு, ஒன்பதாம் பக்கத்தில் புயலைக் கொண்டுவந்து எல்லாரையும் அடித்துக்கொண்டு போவது, எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போவதுதான். யார் வீடு, யார் பங்கு, யார் சொல்லைக் கேட்பது என்ற எதற்கும் புயல் பதில் சொல்லாது. புயல் முதல் வரியிலேயே முடிந்திருக்கட்டும். மிஞ்சியவர்கள் மண்டபம் ஊரில் உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் எத்தனை நாள் இருக்கலாம், எந்த நாளில் அந்த வீட்டுக்காரி உலையில் அரிசியைக் குறைக்கிறாள் என்பதுதான் குடும்பக் கதை.

கடலுக்குப் போய்த் திரும்பாதவன் வீடு இதைவிடக் கடினமான இடம். உடல் கிடைக்கவில்லை. சட்டத்தில், ஏழு ஆண்டு சேதி இல்லாதவர் இறந்தவராகக் கருதப்படுவார். பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அந்த ஏழு ஆண்டும் அவன் மனைவி மனைவியா, விதவையா? முஸ்லிம் வீட்டில் கணவன் இறந்தால் மனைவி மறுமணம் இல்லாமல் காத்திருக்கும் இத்தா 4 மாதம் 10 நாள். எந்த நாளிலிருந்து எண்ணுவது? கத்தோலிக்க வீட்டில் இறந்தவருக்கான ஆன்ம இளைப்பாற்றிப் பூசைக்குப் பெயர் கொடுப்பதா, பத்திரமாகத் திரும்பி வரப் பூசைக் கருத்து (வேண்டுதல்) கொடுப்பதா? பூசைக் கருத்து எழுதும் நோட்டில் எந்தப் பக்கத்தில் அவன் பெயர் ஏறுகிறது?

இந்து வீட்டில் பூவும் பொட்டும். கதைகளில் இதை வழக்கமாக எப்படி எழுதுவார்கள் என்பது தெரிந்ததுதான்: மாமியார் பொட்டை அழிக்கச் சொல்வாள், மருமகள் மறுப்பாள். இந்தக் கரையில் அது தலைகீழாகவும் நடக்கலாம். மருமகள் பொட்டை அழித்தால் மகன் செத்துவிட்டான் என்று ஆகிவிடும். அதனால் மாமியாரே வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்து மருமகள் தலையில் வைக்கிறாள். மருமகளுக்கோ பிள்ளைகளின் படிப்புக்கு, நிவாரணத்துக்கு, வங்கியில் இருப்பதை எடுக்க, எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டும். ஒருத்திக்கு அவன் உயிரோடு இருந்தாக வேண்டும். இன்னொருத்திக்குத் தாளிலாவது அவன் இறந்தாக வேண்டும். இருவரும் ஒரே ஓலைக் கொட்டகையில் ஒரே பாயில் படுக்கிறார்கள். இருவருமே அவனுக்காகத்தான் பேசுகிறார்கள்.

ஏழாவது வருடம் வாரிசுச் சான்றிதழுக்கு மனு போடும்போது, மனைவி பிள்ளைகளோடு தாயும் வாரிசு. அவள் பெயர் இல்லாமல் அந்தத் தாள் நகராது. கையெழுத்துத் தெரியாதவள், பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். அன்று வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும். மருமகள் தலையில் காலையில் வைத்த பூ இருக்கிறது. மைப்பெட்டியைத் திறந்து கிழவியின் முன் நகர்த்துவது யார் கை என்று முடிவு செய்துவிட்டால், மிச்சத்தை எழுதிவிடலாம்.